அசதி

பட்டாபிராம்
11.8.1991

மைனா,

கெங்கம்மாள் என்று எழுதினால் யாரோ ஒருத்திக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பேக்கிங்கில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த காலத்தில், உன் வாய் ஓயாததைப் பார்த்து நான் வைத்த பேர். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு உனக்கு அண்ணியாக வந்த பிறகும் எனக்கு நீ மைனாதான். ஜபல்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்களா.

இங்கே சுகம் இல்லை. அமுலு விழுந்துவிட்டாள்.

முதல் தடவை அடிபம்பில். குடத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தவள் அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். நான் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டேன். அடங்கியதும் கண்ணைத் திறந்து, "ஏம்மா எல்லாரும் என்னியே பாக்கறாங்கோ?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த தடவை பள்ளிக்கூடத்தில், பிரேயரில். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டார்களாம். தரையில் தனியாகக் கிடந்திருக்கிறாள்.

ஆவடியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவருக்கும் பிடிபடவில்லை. சத்து ஊசி போட்டார். "அப்பா வழியில, அம்மா வழியில யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் இல்லை என்றேன். உங்கள் பக்கம் எனக்குத் தெரியாது. உன் அம்மாவும் போய்விட்டார்கள். கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு ராஜம்மா வேறு மாதிரி சொல்கிறாள். "டாக்டராண்ட போயி இன்னா ஆவப்போவுது? அவ அப்பன் பிடிச்சுகினு கீறான். தண்டவாளத்துல உயிர வுட்டவன் சும்மா இருப்பானா?" என்கிறாள். அவருக்குக் கோபம் என் மேல்தானே. என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே. பிள்ளை என்ன செய்தது?

அன்றைக்குக் காலையில் நான் அவரைப் பேசியது தெருவுக்கே தெரியும். பேசிய கொஞ்ச நேரத்தில் அவர் ரயிலில் அடிபட்டார். அப்போது ஆவடியில் இருந்த நீ, பாடி கிடந்த இடத்துக்கு ஓடி வந்து என் முடியைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன இன்னாடி சொன்னே, ரயிலுக்கு முன்னால போயி நிக்கற மாதிரி?" என்று கத்தினாய். அத்தனை பேர் பார்த்தார்கள். அன்றையிலிருந்து ஊரில் எனக்குப் புருஷனைத் தின்றவள் என்று பேர். அப்புறம் நீயே பெரிய மனசு பண்ணி, மன்னித்துவிட்டேன் என்று கடிதம் போட்டாய். அதை நான் மறக்கவில்லை. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பதில் போடு.

வேம்புலியம்மாள்

*

ஜபல்பூர்
27.8.1991

அன்புள்ள வேம்புவுக்கு,

ஆண்டவன் கருணையால் இங்கு யாவரும் சௌக்கியம். உன் கடிதம் கண்டு மனம் பதறினேன். அமுலு என் அண்ணன் பெற்ற ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு இல்லையா?

டாக்டர் கேட்டதற்குப் பதில்: எங்கள் வம்சத்தில் யாருக்கும் அப்படி ஒரு நோய் இருந்ததில்லை. தாத்தா காலத்திலிருந்து இல்லை. இதை நீ எங்கே வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம்.

ராஜம்மா சொல்வதை நீ அலட்சியம் செய்யாதே. என் அண்ணன் சாந்தியில்லாமல் போனவன். அந்த ஆத்மா அலைகிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு. உன் மனம் புண்படும் என்று இதுவரை எழுதவில்லை. குமணன்சாவடி தாண்டி உள்ளே ஒரு பூசாரி இருக்கிறார் என்று அம்மா சொல்வார்கள். அழைத்துப் போ. வேப்பிலை அடித்து இறக்கினால் போய்விடும்.

மறுபடி வந்தால் பயப்படாதே. கையில் இரும்பு கொடு. நெஞ்சைப் பிடித்து அழுத்தாதே. ஒருக்களித்துப் படுக்க வை. அசதி தெளிந்ததும் உடனே எழுப்பிவிடாதே, தூங்கட்டும். எழுந்தால் தலையை வலிக்கும், நாக்கும் புண்ணாக இருக்கும். காரம் வேண்டாம், ஆறின காப்பி கொடு.

உன்னைக் குற்றம் சொல்ல நான் யார்? நடந்தது நடந்துவிட்டது. உன்னை நான் என்றைக்கோ மன்னித்தாயிற்று.

அமுலுவுக்கு என் முத்தம்.

கெங்கம்மாள்

*

பட்டாபிராம்
22.9.1991

மைனா,

நீ சொன்னபடி பூசாரியிடம் போனோம். ராஜம்மாவும் கூட வந்தாள்.

அமுலுவைத் தலை குளிக்க வைத்து ஈரத்துணியோடு உட்கார வைத்தார்கள். உடுக்கை அடித்தார்கள். பிள்ளை பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பூசாரி வேப்பங்கொத்தால் முதுகில் அடித்தார். "யாரு நீ? சொல்லு, யாரு?" என்றார். இலையெல்லாம் உதிர்ந்து போய், கடைசியில் வெறும் குச்சிதான் பட்டது. அவள் அழுதுகொண்டே, "அப்பா" என்றாள். "எதுக்கு வந்தே? உன்ன சாவடிச்சது யாரு?" என்றார். மறுபடி அடித்தார். அவள் வாயைத் திறந்து, "அம்மா" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராஜம்மா என் பக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

பூந்தமல்லியில் பஸ் மாறும்போது அமுலு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடி தாங்க முட்ல மா. அவரு கேக்கறதுக்கு எதுனா சொல்ட்டா வுட்டுடுவாருன்னு ஸ்கூல்ல சொன்னாங்கோ. அதான் சொல்ட்டேன். கோச்சிக்காத." அவள் முதுகு முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. நான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

அந்த வாரமே மறுபடி விழுந்தாள். நீ எழுதியதெல்லாம் செய்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எழுந்ததும் தலைவலி என்றாள். நாக்கு கடிபட்டிருந்தது. நீ எழுதியது அப்படியே நடந்தது. எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பாரேன், மைனாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. தலைவலி வரும் என்று நான் உனக்கு எழுதவில்லை. நாக்கைப் பற்றி எழுதவில்லை. உனக்கு யார் சொன்னது?

உன் கடிதத்தை எடுத்து மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. அசதி.

நான் எழுதியது, விழுந்தாள், கை கால் இழுத்தது, நுரை வந்தது என்று. அதை அசதி என்று யார் சொல்வார்கள்? நாள் முழுக்க நின்று வேலை செய்தால் வருவது அசதி. ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அம்மா என்னிடம், "பையனுக்கு அப்பப்போ அசதி வரும். வந்தா எங்க வூட்டுக்கு அனுப்பிடு. நீ கிட்ட போவாத, அவனுக்குப் பிடிக்காது" என்றார்கள். அம்மா செல்லம் என்று நான் சிரித்தேன். அவரே சில நாள், "அசதியா கீது, அம்மாவாண்ட போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகம் வீங்கியிருக்கும். காரம் வேண்டாம் என்பார். குடித்துவிட்டு வருகிறார் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

இடுப்புக் கயிற்றில் ஒரு இரும்புச் சாவி கட்டியிருந்தார். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.

அமுலுவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அங்கேயும் கேட்பார்கள். எனக்கு ஒரு வரி போதும். உன் அண்ணனுக்கு வலிப்பு இருந்ததா, இல்லையா?

வேம்பு

*

ஜபல்பூர்
6.10.1991

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அசதி என்பது எல்லாரும் சொல்லும் சாதாரண வார்த்தை. அதை வைத்துக்கொண்டு செத்துப்போனவர் மேலும், தெய்வமாகிவிட்ட என் தாயார் மேலும் பழி போடுவது தங்களுக்கு அழகல்ல. தலைவலி விஷயம் இங்கே குவார்ட்டர்ஸில் ஒரு பிள்ளைக்கு வந்தபோது பார்த்தது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது தங்கள் இஷ்டம். ஆனால் எங்கள் குடும்பத்தின் பேரை அங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் இந்த மாதிரி விஷயங்களை வீட்டு விலாசத்துக்கு எழுதவேண்டாம். அவர் எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படிப்பவர். இதை நல்லவேளை நான் தபால்காரரிடமே வாங்கிக்கொண்டேன்.

கெங்கம்மாள்

*

பட்டாபிராம்
3.11.1991

கெங்கம்மாளுக்கு,

தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவள் நீ.

ஆஸ்பத்திரியில் அமுலு தலையில் ஒயர் வைத்துக் கோடு கோடாகப் படம் எடுத்தார்கள். வலிப்பு என்றே சொல்லிவிட்டார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது, நல்லாயிடுச்சு என்று நாமாக நிறுத்தக்கூடாது என்றார்கள். தண்ணி கிட்டே, நெருப்பு கிட்டே தனியாக விடாதே, சைக்கிள் ஓட்ட வேண்டாம், ரோடு தாண்டும்போது ஆள் கூட இருக்கணும் என்று அந்த டாக்டரம்மா சொல்லச் சொல்ல, நான் ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

சைக்கிள்.

உன் அண்ணன் கடைசிவரை சைக்கிள் தொட்டது கிடையாது. ஏணி ஏறமாட்டார். கிணற்றங்கரைக்குப் போகமாட்டார். அன்றைக்குக் காலையில் சண்டையே அதுதானே. அமுலுவுக்கு அப்போது ஒண்ணாவது. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ராஜம்மா வீட்டுக்காரர் தன் பிள்ளையை சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு போவார். எங்கள் பிள்ளை சேற்றில் நடக்கும். அன்றைக்கு ராஜம்மா வீட்டு சைக்கிளை வாங்கி வாசலில் நிறுத்தினேன். பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, ஏறு என்றேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சைக்கிள் ஓட்டக்கூடத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று தெருவே கேட்கக் கேட்டேன். பிள்ளையை இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டு நடந்து போனார். திரும்பி வரவில்லை.

பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டும்போது வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறார். அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாமல், துப்பு கெட்டவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்படிக் கேட்டுவிட்டேனே என்று நான் அழவில்லை. அந்த அழுகையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது நான் கேட்பது உன்னை. நீதானே வந்து, "எங்க அண்ணன கட்டிக்கோடி, ஆயுசுக்கும் ஒண்ணா இருக்கலாம்" என்றாய். அப்போது சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன் என்று நினைத்தாயா? ஓடியிருந்தாலும் ஓடியிருப்பேன். தெரியாது. ஆனால் கட்டிக்கொண்ட பிறகாவது சொல்லியிருக்கலாம். அவர் பல் கிட்டித்துக் கிடக்கும்போது தாங்கிப் பிடிக்க நான் ஒருத்தி இருந்தேன். என்னை ஏன் வெளியே நிறுத்தினீர்கள்?

தெரிந்திருந்தால் அவரைத் தனியாகத் தண்டவாளம் தாண்ட விட்டிருப்பேனா?

இதுவும் உனக்குத் தெரியாது என்று எழுது. உன் வீட்டுக்காரர் பிரித்துப் படிக்கட்டும் என்றுதான் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

வேம்புலியம்மாள்

*

ஜபல்பூர்
24.11.1991

வேம்பு,

அவர் டூட்டியில் இருந்ததால் கடிதம் என் கைக்கு வந்தது. நீ ஜெயித்துவிட்டாய். இருந்தது. சின்ன வயதிலிருந்து இருந்தது.

உன் கல்யாணம் ஆன தையிலேயே எனக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் பர்மனெண்ட் வேலை, கவர்ன்மெண்ட் பேக்டரி. வலிப்பு இருக்கிற குடும்பம் என்று ஒரு காற்று பட்டால் போதும், அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். அம்மா கற்பூரம் அணைத்து என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். அண்ணனும்தான், "அவளாண்ட சொல்லாத கெங்கா, அப்பால என்ன வேற மாதிரி பாப்பா" என்றான். வலிப்பு என்று வீட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது என்றுதான் அசதி என்று பழக்கினார்கள். எனக்கு இப்போதும் வேறு வார்த்தை வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அண்ணன் போன அன்றைக்கு, ரயில்வே கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த துலுக்கானம் கூட்டத்தில் வந்து, "நான் பாத்தேன், அவருக்குக் கை இஸ்துகிச்சு" என்று ஆரம்பித்தான். என் மாமியார் என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் உன் முடியைப் பிடித்துக் கத்தினேன். அவன் பேச்சு யார் காதிலும் விழவில்லை. நினைத்துச் செய்ததில்லை, வேம்பு. கை தானாகப் போய்விட்டது.

இனிமேல் நீ ஊருக்கெல்லாம் சொல்வாய். உன் பேர் சுத்தமாகும். ஆனால் யோசி. அண்ணனுக்கு இருந்தது என்று சொன்னால், அமுலுவுக்கு அப்பனிடமிருந்து வந்தது என்று ஆகும். பேய் பிடித்தது என்றால் இறக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வலிப்பு என்றால் நாளைக்கு எவன் கட்டுவான்? நீ நல்ல பேர் வாங்க, பிள்ளை தலையில் கல்லை வைக்கப்போகிறாயா? நான் செய்ததும் ஒரு பெண்ணைக் கரையேற்றத்தான். அந்தப் பெண் நான் என்பதுதான் என் பாவம்.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

கெங்கா

*

பட்டாபிராம்
12.1.1992

மைனா,

கோபத்தில் வேறு பேர் எழுதப் பார்த்தேன். கை இதைத்தான் எழுதுகிறது.

நீ எழுதியதை ரொம்ப நாள் யோசித்தேன். அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். நீ சொன்னதில் ஒன்று சரி. சொன்னால் அமுலுவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் புருஷனைத் தின்றவள் என்ற பேர் என்னிடமே இருக்கும். என்னிடமே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் ஒரு நாள் கம்பெனியிலிருந்து வரும்போது, அமுலு அடிபம்பில் தனியாக நின்றாள். சுற்றி அத்தனை பெண்கள். பேய் பிடித்த பிள்ளை என்று எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். அவள் விழுந்தால் ஒருத்தியும் தொடமாட்டாள். அவரும் இப்படித்தானே கிடந்திருப்பார் என்று தோன்றியது.

அங்கேயே சொன்னேன். "எம் பொண்ணுக்கு வந்தது பேயில்ல, வலிப்பு. அவ அப்பாவுக்கும் இருந்தது. மாத்திர சாப்புடறா. வந்துச்சுன்னா ஒருக்களிச்சு படுக்க வைங்கோ, வாயில எதையும் திணிக்காதீங்கோ, யாராவது எங்கிட்ட ஓடியாங்கோ. அவ்ளோதான் வேல." ராஜம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இத இன்னாத்துக்குடி வெளிய சொல்றே, பொட்டப்புள்ளய வச்சுகினு?" என்றாள். "உன் மகனுக்கா கேட்டேன்?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். ராஜம்மாவும் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த நாள் அவள் தன் மகளை அமுலுவோடு பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. இரண்டும்தான் நடக்கிறது. டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அமுலுவுக்கு ஒரு வருத்தம். "அப்ப அப்பா எங்கிட்ட வரவே இல்லியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு விழவில்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கும் அனுப்பவில்லை. உன் குடும்பத்தைக் கெடுத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் மன்னித்தேன் என்று நான் எழுதமாட்டேன். அந்த வார்த்தையை நீ எதை மறைத்துக்கொண்டு எனக்குப் போட்டாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. இத்தனை வருஷம் ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் கடிதம் வரும்போது, நான் செய்த கொலைக்கு நீ மன்னிப்பு கொடுத்தாய் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேனே. அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

துலுக்கானத்தைத் தேடிப் பிடித்தேன். இப்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. யார் என்று சொன்னதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்மா. உங்க நாத்தனாரு போட்ட சத்தத்துல யாரு கேட்டீங்கோ? அப்பால போலீஸ் கேசுன்னு பயந்துகினு வாய மூடிகினேன். கேட்ட தாண்டறப்போ கை இஸ்துகிச்சு, அப்டியே சாஞ்சாரு. குதிக்கவெல்லாம் இல்ல. நான் கிளாச போட்டுட்டு ஓடறதுக்குள்ள வண்டி வந்துட்ச்சு" என்றார்.

அதற்கு முன்னால் உன் அண்ணன் அவர் கடையில் டீ குடித்தாராம்.

"இன்னா பேசினாரு?"

"ஒண்ணும் பேசல."

"மூஞ்சி எப்டி இர்ந்துச்சு அண்ணே?"

"டீ குடிக்கிற மூஞ்சிம்மா. அதுல இன்னாத்த கண்டுபிடிக்கறது?"

"டீ குட்ச்சிட்டு எங்க போனாரு? எங்க ஊட்டுப் பக்கமா, ஸ்டேஷன் பக்கமா?"

நினைவு இல்லை என்றார். எனக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அவர் சாகவேண்டும் என்று போகவில்லை என்பது இப்போது தெரிகிறது. அது எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் ராத்திரி படுத்தால் வேறு ஒன்று வந்து நிற்கிறது. இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவரை என்னைவிட முன்னால் அறிந்தவள் நீ ஒருத்திதான் மிச்சம். சின்ன வயதில் அவர் உன்னிடம் கோபித்துக்கொண்டு போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருவார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதனால் உன்னையே கேட்கிறேன்.

அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு என் மேல் இருந்த கோபம் ஆறியிருக்குமா, மைனா?